தோட்டத்துக்கு இரண்டு முறை போக வேண்டும்: நோய் ஆய்வு வேலைக்குப் புதிதாய் வருபவர்களுக்கு

டிப்ளோமாவோ டிகிரியோ முடித்து, தொற்றுநோய் ஆய்வுக் குழு ஒன்றில் கள உதவியாளராகச் சேர்ந்திருப்பீர்கள். முதல் வாரமே ஐஸ்பெட்டியையும் ஊசிப் பையையும் கையில் கொடுத்து, "சுங்கை சிப்புட் பக்கம் தோட்டங்களில் ஆடு, கோழி, நாய், ஆள் எல்லாருடைய ரத்தமும் வேண்டும்" என்று அனுப்பியிருப்பார்கள். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். நான் மலேசியாவின் பேராக் மாநிலத்தில் இருக்கும் இந்த வட்டாரத்தில், ஒரு கித்தாத் (ரப்பர்) தோட்டத்துத் தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் பிறந்தவன். அப்பா பால்மரம் வெட்டினார். பிறகு கித்தா போய்ச் செம்பனை வந்தது, லயத்துச் சனம் பாதிக்கு மேல் டவுன் தாமான்களுக்கு (குடியிருப்புகளுக்கு) குடிபோனது. நான் ஊசியும் குழாயுமாக அதே தோட்டங்களுக்குப் போய் வந்துகொண்டிருக்கிறேன்.

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு தடவை போய் ரத்தம் எடுத்து வந்தால் நம் வேலையில் பாதிகூட முடிந்திருக்காது. இரண்டாவது தடவை போவதுதான் ஆய்வு. அது ஏன் என்று புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானாக விளங்கும்.

ரத்தத்தில் என்ன தேடுகிறோம்

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்குச் செக்ரோல் தெரியும். காலையில் பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்கு, வந்தவர்களின் பெயரைத் தோட்டத்து எழுத்தரான கிராணி அதில் பதிவார். போன மாதச் செக்ரோலில் ஒருவன் பெயர் இருந்தால் அவன் அன்றைக்கு வேலைக்கு வந்தான் என்று அர்த்தம். இன்றைக்கு வந்தானா என்று தெரிய இன்றைய பெரட்டைப் பார்க்க வேண்டும்.

ஆன்டிபாடி என்பது கிருமியைப் பிடிக்க உடம்பு உண்டாக்கும் புரதம். அதுதான் உடம்பு எழுதி வைக்கும் செக்ரோல். ஒரு கிருமி உள்ளே வந்தால் சில நாளில் ஐஜிஎம் என்ற வகை எழும். கொஞ்சம் பின்னால் ஐஜிஜி வரும். ஐஜிஎம் பெரும்பாலும் சில வாரங்களில், மாதங்களில் அடங்கிவிடும். ஐஜிஜி பல வருஷம் இருக்கலாம். ஆகவே ஒருவர் ரத்தத்தில் ஆன்டிபாடி இருக்கிறது என்பதை மட்டும் வைத்து, இன்றைய காய்ச்சலுக்கு அந்தக் கிருமிதான் காரணம் என்று சொல்லிவிட முடியாது.

எலிச் சிறுநீரால் வரும் லெப்டோஸ்பைரோசிஸை எடுத்துக்கொள்ளுங்கள். நம் ஆட்கள் கென்சிங் தீக்குஸ் என்றே சொல்வார்கள். செம்பனைத் தோட்டத்தில் எலி இல்லாத இடம் கிடையாது. எலியைப் பிடிக்க ஆந்தைக்குக் கூண்டு கட்டிக் கம்பத்தில் வைத்திருப்பதை நீங்களே பார்ப்பீர்கள். குலை வெட்டுபவரும் உதிரிப் பழம் பொறுக்கும் அக்காவும் ஈர மண்ணில்தான் நாள் முழுக்க நிற்கிறார்கள். அவர்களில் பலருக்குப் பழைய ஆன்டிபாடி இருக்கத்தான் செய்யும். அதனால் காய்ச்சல் வந்ததும் ஒரு ரத்தம், 10 முதல் 14 நாள் கழித்து இன்னொரு ரத்தம் எடுக்கிறோம். இரண்டையும் ஒரே நாளில், ஒரே தட்டில் பக்கத்துப் பக்கத்தில் சோதிக்க வேண்டும். முதல் சீரம் (ரத்தம் உறைந்ததும் மேலே தெளியும் நீர்) 100 மடங்கு நீர்த்த அளவு வரைக்கும்தான் கிருமியைத் திரட்டுகிறது, இரண்டாவது 400 மடங்கு வரை திரட்டுகிறது என்றால் டைட்டர் என்ற அந்த அளவு 4 மடங்கு ஏறியிருக்கிறது. அப்போதுதான் இந்தக் காய்ச்சல் அதனால் வந்தது என்று தைரியமாகச் சொல்லலாம். மலேசியாவில் 2010 முதல் இதை அரசுக்கு அறிவித்தே ஆக வேண்டும் என்பதால் நம் வார்த்தைக்குக் கனம் அதிகம்.

டிங்கியிலும் நாள் கணக்கு முக்கியம். முதல் சில நாளில் என்எஸ்1 என்ற வைரஸ் புரதம் ரத்தத்தில் கிடைக்கும். ஐஜிஎம் கண்ணில் பட ஏறத்தாழ 5-ஆம் நாள் ஆகும். டிங்கியில் 4 வகை உண்டு. முன்பு ஒரு வகை வந்து போனவருக்கு வேறு வகை வந்தால் ஐஜிஜி வேகமாக ஏறும். பழைய ஆன்டிபாடி புது வகையை அரைகுறையாகப் பிடித்து, அணுக்களுக்குள் அது நுழைய வழி செய்துவிடுவதும் உண்டு. இரண்டாவது டிங்கி கடுமையாக இருப்பதற்கு இது ஒரு காரணம். அதனால் காய்ச்சல் தொடங்கிய தேதியை விசாரிக்காமல் குழாயை மூடாதீர்கள். "போன வாரம்" என்று பதில் வந்தால் விடாதீர்கள். "சம்பளத்துக்கு முன்னாலயா, பின்னாலயா அண்ணே?" என்று கேளுங்கள். தேதி தன்னால் வரும்.

பழைய கதை ஒன்று

கோலாலம்பூரில் மருத்துவ ஆய்வுக் கழகம் 1900-இல் தொடங்கியது. நம் பாட்டன் பூட்டன் காலத்துத் தோட்ட மக்களின் உடம்பைப் பார்த்துத்தான் இந்த நாட்டின் நோய் ஆய்வு வளர்ந்தது. மல்கம் வாட்சன் என்ற மருத்துவர் தோட்டத்துப் பிள்ளைகளின் வயிற்றைத் தொட்டுப் பார்த்து, மண்ணீரல் வீங்கியவர்கள் எத்தனை பேர் என்று எண்ணி அந்தத் தோட்டத்தின் மலேரியாவை அளந்தார். மண்ணீரல் கிருமியோடு போராடும் உறுப்பு. அதன் வீக்கம்தான் அன்றைக்குக் கைக்கு எட்டிய எதிர்ப்புச் சக்தி அளவு.

1920-களில் வில்லியம் ஃபிளெட்சரும் உடன் இருந்தவர்களும் டைபஸ் காய்ச்சலை ஆராய்ந்தார்கள். புரோட்டியஸ் என்ற பாக்டீரியாவுக்கு டைபஸோடு சம்பந்தமே கிடையாது. ஆனால் டைபஸ் வந்தவரின் சீரம் அதைத் திரட்டும். டவுன்வாசிகளின் சீரம் ஓஎக்ஸ்19 என்ற வகையைத் திரட்டியது. தோட்டத்தில் லாலாங் புல் வெட்டியவர்களின் சீரமோ ஓஎக்ஸ்கே என்ற வகையைத்தான் திரட்டியது. அந்தக் 'கே' கிங்ஸ்பரி என்பவரின் பெயரிலிருந்து வந்தது. ஒரே நோய் என்று நினைத்தது இரண்டு நோய் என்று இப்படித்தான் வெளிப்பட்டது. புல்லில் இருக்கும் உண்ணிக் குஞ்சு கடித்து வருவது ஸ்க்ரப் டைபஸ். 1948-இல் குளோரம்பெனிக்கால் மருந்து அதைக் குணப்படுத்தும் என்று காட்டியதும் கோலாலம்பூரில்தான்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், ஒரு கிருமிக்காக உண்டான ஆன்டிபாடி வேறொன்றையும் பிடிக்கும். இந்தக் குறுக்குப் பிடி சில நேரம் வழிகாட்டும், சில நேரம் ஏமாற்றும். கீழே இரண்டுக்கும் உதாரணம் வருகிறது.

கிளம்புவதற்கு முன்

அனுமதித் தாள்கள் எல்லாம் வந்துவிட்டனவா என்று நீங்களே பாருங்கள், மேலதிகாரி பார்த்திருப்பார் என்று விடாதீர்கள். சுகாதார அமைச்சின் கிளினிக், ஆஸ்பத்திரி சம்பந்தப்பட்ட ஆய்வு என்றால் தேசிய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் பதிந்து, அமைச்சின் நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் பெற வேண்டும். ஆடு, கோழி, நாய்க்கு உங்கள் நிறுவனத்தின் விலங்கு நெறிமுறைக் குழு. வௌவால், குரங்கு, காட்டெலி என்றால் வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தானின் அனுமதி. தோட்ட நிர்வாகத்தின் கடிதம் தனி. ஒரு தாள் குறைந்தாலும் போகாதீர்கள்.

அப்புறம் உங்கள் உடம்பு. டெட்டனஸ், ஹெபடைடிஸ் பி ஊசிகளைப் போட்டுக்கொள்ளுங்கள். நாயைத் தொடப் போகிறவர் வெறிநாய்க்கடித் தடுப்பூசியை முன்கூட்டியே போட வேண்டும். தீபகற்பத்தின் வடமாநிலங்களில் 2015-இலும் சரவாக்கில் 2017 முதலும் வெறிநோய் வந்ததை மறக்க வேண்டாம். வேலைக்குச் சேர்ந்த நாளில் உங்கள் ரத்தத்தையும் ஒரு குழாய் எடுத்து, அதன் சீரத்தை ஃபிரீசரில் வைக்கச் சொல்லிக் கேளுங்கள். பின்னால் காய்ச்சல் வந்தால் ஒப்பிட அந்தப் பழைய சீரம் வேண்டும். நமக்கும் அதே இரண்டு குழாய்க் கணக்குதான்.

முழங்கால் வரை பூட்ஸ் போடுங்கள், காலில் புண் இருந்தால் நீர் புகாதபடி ஒட்டுங்கள். ஊசியை மறுபடி மூடப் போய்க் குத்திக்கொண்டவர்கள் நிறையப் பேர். எடுத்ததும் நேராக ஊசி டப்பாவில் போடுங்கள்.

பேச்சு முதலில், ஊசி பிறகு

காலைப் பெரட்டில் போய் நின்று மேற்பார்வையாளரான மண்டோர் முன்னால் "யார் ரத்தம் கொடுக்கிறீங்க?" என்று கேட்பது சுலபம். எல்லாரும் கை தூக்குவார்கள். ஆனால் அது சம்மதம் ஆகாது. மேலாளரும் மண்டோரும் இல்லாத நேரம், வேலை முடிந்து குளித்துச் சாயந்திரம் வாசலில் உட்கார்ந்திருக்கும் நேரம், வீடு வீடாகப் போய்ப் பேசுங்கள். தாளைத் தமிழில் வாசித்துக் காட்டுங்கள். கைநாட்டு வைப்பவருக்குச் சாட்சி வேண்டும். 18 வயதுக்குக் கீழே என்றால் பெற்றவர் கையெழுத்து. இன்றைக்குக் குலை வெட்டுபவர்களில் இந்தோனேசியா, வங்காளதேசம், நேப்பாளம், இந்தியாவிலிருந்து வந்த தம்பிகள் அதிகம். ரத்தத்தில் ஏதாவது வந்தால் பெர்மிட் போய்விடும் என்ற பயம் அவர்களுக்கு இருக்கும். முடிவு யார் கைக்குப் போகும், யார் கைக்குப் போகாது என்பதை அவர்கள் மொழியில் சொல்ல ஆள் இல்லாமல் அவர்களைத் தொடாதீர்கள்.

ஆட்டுக்காரர்களிடம் இன்னும் கவனம் வேண்டும். ஆட்டில் நாம் பெரும்பாலும் தேடுவது புரூசெல்லா என்ற பாக்டீரியாவை. ஆடு குட்டி வீசும். பச்சைப் பால் குடித்த மனிதருக்கு விட்டுவிட்டு வரும் காய்ச்சலும் மூட்டு வலியும் வரும். உறுதியானால் கால்நடை இலாகாவுக்குச் சொல்லியே ஆக வேண்டும், அந்த ஆட்டை அழிப்பார்கள். இதை ரத்தம் எடுத்த பிறகு சொல்வது துரோகம்.

லயத்துக் கடைசி வீட்டில் ஒரு பாட்டி. 11 ஆடு வைத்திருந்தார். அதில் ஒரு கிடா முனியாண்டிக்கு நேர்ந்துவிட்டது, மூக்கில் வெள்ளைப் புள்ளி. திண்ணையில் உட்கார்ந்தபடி கேட்டார்.

"ஏந் தம்பி, இன்னைக்கு ஊசி போட்டுட்டு நாளைக்கு லோரி கொண்ணாந்து ஆட்ட ஏத்திக்கிட்டுப் போயிருவீங்களா?"

"பாட்டி, பொய் சொல்ல மாட்டேன். சீக்கு இருக்குன்னு ரெண்டு சோதனையிலயும் உறுதியானா இலாகாவுக்குச் சொல்லித்தான் ஆவணும். அந்த ஆட்டைக் கொண்டு போவாங்க. வேணாம்னா இப்பவே சொல்லிருங்க, நான் போயிர்றேன்."

பாட்டி கொஞ்ச நேரம் கிடாவையே பார்த்துக்கொண்டிருந்தார். "பேரன் அந்தப் பாலத்தான் குடிக்கிறான்" என்றார். பிறகு அவரே எழுந்து போய்க் கயிற்றை அவிழ்த்தார்.

கேட்பதும் ஆய்வுதான்

நிப்பா கதையைத் தெரியாமல் நம் பேராக் மாநிலத்தில் இந்த வேலை செய்யக் கூடாது. 1998 செப்டம்பரில் இங்கிருந்து பக்கத்தில், ஈப்போவைச் சுற்றியுள்ள கிந்தா பன்றிப் பண்ணைகளில் மூளைக்காய்ச்சல் தொடங்கியது. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று முடிவு செய்து தடுப்பூசி போட்டார்கள், கொசுவுக்குப் புகையடித்தார்கள். நோய் நிற்கவில்லை. பன்றிகளை லோரியில் ஏற்றி விற்க விற்க நெகிரி செம்பிலானுக்கும் போய்விட்டது.

அந்தக் குடும்பங்கள் சொன்னதில் துப்பு இருந்தது. படுத்தவர்கள் பிள்ளைகள் இல்லை, பன்றியோடு வேலை செய்த பெரிய ஆட்கள். தடுப்பூசி போட்டவர்களும் படுத்தார்கள். பண்ணைக்குப் பக்கத்து வீட்டிலும் அதே கொசுதான், ஆனால் பன்றியைத் தொடாதவருக்கு வரவில்லை. மனிதர் படுப்பதற்கு முன் பன்றிகள் உரக்க இருமின. ஜப்பானிய மூளைக்காய்ச்சலில் பன்றி இப்படி இருமாது.

1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் டாக்டர் சுவா காவ் பிங் நிப்பா என்று பின்னால் பெயர் பெற்ற புது வைரஸைப் பிரித்தெடுத்தார். அமெரிக்க ஆய்வுக்கூடத்தில் சோதித்தபோது, ஆஸ்திரேலியாவில் 1994-இல் குதிரைகளைக் கொன்ற ஹென்ட்ரா வைரஸுக்கான ஆன்டிபாடி இதையும் பிடித்தது. மேலே சொன்ன குறுக்குப் பிடி இங்கே வழிகாட்டியது. ஹென்ட்ரா பழந்தின்னி வௌவாலில் இருப்பது தெரிந்த விஷயம், அதனால் இங்கேயும் நம்மூர்ப் பழந்தின்னி வௌவாலான கெலுவாங்கிடம் தேடினார்கள். தியோமான் தீவில் கெலுவாங்கின் சிறுநீரிலிருந்து வைரஸ் கிடைத்தது. வௌவால் கடித்துப் போட்ட பழம் தொழுவத்தில் விழுந்து பன்றிக்குப் போயிருக்கும் என்று நம்பப்படுகிறது. அதற்குள் மலேசியாவில் 265 பேருக்கு நோய் வந்து 105 பேர் இறந்திருந்தார்கள். 10 லட்சத்துக்கு மேல் பன்றிகள் அழிக்கப்பட்டன.

ஆகவே உங்கள் கேள்வித் தாளில் இல்லாததையும் எழுதுங்கள். "எந்த மிருகம் முதல்ல படுத்துச்சு? யாருக்கு வரல?" இந்த இரண்டு கேள்வியையும் எந்த வீட்டிலும் விடாதீர்கள். காட்டோரத் தோட்டம் என்றால் குரங்கு வருமா என்று கேளுங்கள். குரங்கு மலேரியாவான நோலெசி பரவலாக மனிதருக்கு வருவதை டாக்டர் பல்பீர் சிங் குழு சரவாக்கின் காப்பிட்டில் கண்டுபிடித்து 2004-இல் வெளியிட்டது. அதுவரை மைக்ரோஸ்கோப்பில் அதை வேறு மலேரியா என்று எழுதிக்கொண்டிருந்தார்கள். காய்ச்சல்காரரிடம் அக்குள், இடுப்பு மடிப்பில் சிகரெட் சுட்டது போன்ற கருப்புப் புண் உண்டா என்றும் கேட்க வேண்டும், ஸ்க்ரப் டைபஸுக்கு அது பெரிய அடையாளம். பெண்களிடம் கேட்கப் பெண் உதவியாளர் இருக்கட்டும்.

ஆட்டைப் பிடிப்பது

மனிதருக்கு ரத்தம் எடுக்கப் பயிற்சி பெற்ற தாதியோ மருத்துவ உதவியாளரோதான் எடுக்க வேண்டும், நீங்கள் குழாயும் பேனாவும் பிடியுங்கள். ஆட்டுக்கும் முதலில் கால்நடை மருத்துவர் பக்கத்தில் நின்று கற்றுத்தர வேண்டும்.

ஆட்டைத் துரத்தாதீர்கள். ஓடிக் களைத்த ஆட்டின் ரத்தமும் நன்றாக இருக்காது, வீட்டுக்காரர் மனமும் நன்றாக இருக்காது. அவர்களையே கூப்பிடச் சொல்லுங்கள், வந்துவிடும். ஒருவர் ஆட்டைச் சுவரோடு அணைத்து, தாடையைத் தூக்கித் தலையைப் பக்கவாட்டில் கொஞ்சம் திருப்பிப் பிடிக்க வேண்டும். கழுத்தின் பக்கத்தில் மேலிருந்து கீழே ஒரு பள்ளம் ஓடும். கீழ்ப்பக்கம் கட்டைவிரலால் அழுத்தினால் மேலே நரம்பு விரல் பருமனுக்கு எழும். தட்டிப் பாருங்கள், தண்ணீர்க் குழாய் போல அலை ஓடும். ஸ்பிரிட் பஞ்சால் துடைத்து, காயும்வரை பொறுத்து, சாய்வாக ஊசியை விடுங்கள். 5 மில்லி போதும். எடுத்ததும் பஞ்சை வைத்து ஒரு நிமிஷம் அழுத்துங்கள், அதற்குள் காதுத் தோட்டின் எண்ணை உரக்கப் படியுங்கள், மற்றவர் குழாயில் எழுதட்டும். தோடு இல்லாத ஆட்டுக்கு நிறம், கொம்பு, புள்ளி, சினையா, குட்டி வீசியதா என்று எழுதி ஒரு படமும் எடுங்கள்.

குட்டி வீசிய இடத்தைக் கையுறை இல்லாமல் தொடாதீர்கள். நஞ்சுக்கொடியில்தான் புரூசெல்லா கூட்டமாக இருக்கும்.

கோழிக்கு இறக்கையின் உள்பக்க நரம்பு, நாய்க்கு முன்னங்கால். நாயின் வாயைக் கட்டாமல் வேலையே இல்லை.

குழாய், ஐஸ், ரோடு

என் முதல் வருஷத்தில் 22 ஆட்டு ரத்தத்தைப் பாழாக்கினேன். எடுத்த கையோடு குழாய்களை உறைந்த ஐஸ்கட்டிமேல் நேராக வைத்து, மோட்டாரின் பின்னால் கட்டி, செம்மண் ரோட்டில் ஓட்டி வந்தேன். திறந்து பார்த்தால் சீரம் இருக்க வேண்டிய இடத்தில் ஜம்புப் பழச் சாறு மாதிரி சிவப்பு. சிவப்பணு எல்லாம் உடைந்துபோயிருந்தது. அந்த வீடுகளுக்குத் திரும்பப் போய், "மறுபடியும் குத்தணும்" என்று கேட்ட நாளை நினைத்தால் இன்னும் வயிறு பிசையும்.

அதனால் இப்படிச் செய்யுங்கள். சீரத்துக்குச் சிவப்பு மூடிக் குழாய். எடுத்ததும் நிழலில் நேராக நிறுத்தி அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் உறைய விடுங்கள். ஆட்டாதீர்கள். பிறகுதான் ஐஸ்பெட்டி. ஐஸ்கட்டிக்கும் குழாய்க்கும் நடுவில் துணியோ அட்டையோ வைத்து 2 முதல் 8 டிகிரிக்குள் வைத்துக்கொள்ளுங்கள். முழு ரத்தத்தை ஒருபோதும் ஃபிரீசரில் வைக்காதீர்கள். ஊதா மூடிக் குழாய் என்றால் உள்ளே உறையாமல் தடுக்கும் மருந்து இருக்கிறது, அதை மட்டும் மெதுவாக 8, 10 தடவை கவிழ்த்து நிமிர்த்த வேண்டும். பெட்டி காரின் காலடியில் வரட்டும். வெயிலில் நிற்கும் கார் பூட்டில் வேண்டாம்.

அன்றைக்கே 10 நிமிஷம் சுழற்றி, மேலே தெளியும் வைக்கோல் நிறச் சீரத்தை மட்டும் உறிஞ்சி, இரண்டு சின்னக் குப்பிகளில் பிரித்து வையுங்கள். ஒன்று இன்றைய சோதனைக்கு, ஒன்று இரண்டாவது ரத்தத்தோடு சேர்த்துப் பார்க்க. காகித லேபிள் ஃபிரீசரில் உரிந்து விழும், சாதாரணப் பேனா மை ஸ்பிரிட் பட்டால் போய்விடும். ஃபிரீசர் லேபிள் வாங்கித் தரச் சொல்லிப் பிடிவாதமாக நில்லுங்கள். குப்பியில் குறியீடுதான் இருக்க வேண்டும், ஆள் பெயர் தனி நோட்டில், நோட்டு பூட்டிய அலமாரியில்.

மேசையில்

புதியவர்களுக்கு நான் முதலில் காட்டுவது ரோஸ் பெங்கால் சோதனை, கண்ணாலேயே பார்க்கலாம். சீரமும் மருந்தும் ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து அறைச் சூட்டுக்கு வந்திருக்க வேண்டும். வெள்ளைத் தட்டில் ஒரு சொட்டுச் சீரம், பக்கத்தில் அதே அளவு ரோஜா நிற மருந்து. மருந்தில் இருப்பது சாயம் ஏற்றிய செத்த புரூசெல்லா. குச்சியால் கலந்து வட்டமாக்கி, தட்டைக் கையில் எடுத்து 4 நிமிஷம் மெதுவாக ஆட்டுங்கள். ஆன்டிபாடி இல்லை என்றால் கடைசிவரை ரோஸ் சிரப் கலந்த பால் போல ஒரே சீராக இருக்கும். இருந்தால் ஓரத்தில் முதலில் மணல் மணலாகத் தெரியும், பிறகு நடுவில் திரிந்த பால் போலத் திட்டுத் திட்டாகப் பிரியும். 4 நிமிஷத்துக்கு மேல் வைத்துவிட்டுப் பார்த்தால் காய்ந்த ஓரத்தைத் திரட்டு என்று எண்ணி ஏமாறுவீர்கள்.

திரண்டதும் ஆட்டுக்காரருக்குப் போன் போடாதீர்கள். யெர்சினியா என்ற வேறொரு பாக்டீரியாவின் ஒரு வகை வந்து போன ஆட்டிலும் இது திரளும். குறுக்குப் பிடி ஏமாற்றும் இடம் இதுதான். காம்ப்ளிமென்ட் ஃபிக்சேஷன் போன்ற இரண்டாவது சோதனை உறுதி செய்யட்டும். இந்த வட்டாரத்துக்கு ஈப்போவில் உள்ள கால்நடை ஆய்வுக் கழகம் பக்கம்தான்.

எதிர்ப்புச் சக்தி ஏறுவதைக் கண்ணால் பார்க்க ஆசையா? சம்பார் ஆயாம் என்று நம் ஆட்கள் சொல்லும் கோழிக் கழிச்சலை எடுத்துக்கொள்ளுங்கள். தடுப்பூசிக்கு முன் ஒரு ரத்தம், 2, 3 வாரம் கழித்து ஒன்று. குழித்தட்டில் சீரத்தை இரண்டிரண்டு மடங்காக நீர்த்து, வைரஸ் சேர்த்து, கடைசியில் கோழிச் சிவப்பணு விடுவோம். ஆன்டிபாடி இருக்கும் குழியில் சிவப்பணு அடியில் சின்னப் பொத்தான் போல உட்காரும். தட்டைச் சாய்த்தால் கண்ணீர்த் துளி போல வழியும். ஆன்டிபாடி இல்லாத குழியில் வைரஸ் சிவப்பணுக்களைப் பிணைத்து வலை மாதிரி விரித்துவிடும், வழியாது. முதல் ரத்தத்தின் வரிசையில் பொத்தானே இருக்காது. இரண்டாவது வரிசையில் 5, 6 குழிவரை சிவப்புப் பொத்தான் நிற்கும். நான் முதன்முதலில் அதைப் பார்த்த அன்று தட்டைக் கீழே வைக்க மனமே வரவில்லை. இந்த நோய்க்கு வெப்பம் தாங்கும் தடுப்பு மருந்தைத் தீவனத்தில் கலந்து கம்பத்து, அதாவது கிராமத்துக் கோழிகளுக்குக் கொடுக்கும் வழியை அன்றைய மலேசிய விவசாயப் பல்கலைக்கழகத்தில்தான் ஆராய்ந்தார்கள். ஃபிரிட்ஜ் இல்லாத வீட்டுக் கோழிக்கும் மருந்து எட்ட வேண்டும் என்ற எண்ணம் அதில் இருந்தது.

ஒரே கிருமி ஒவ்வோர் உடம்பிலும் ஒவ்வொரு மாதிரி நடக்கும் என்பதையும் மனதில் வையுங்கள். மனிதரைக் கொல்லும் நிப்பா கெலுவாங்கைப் படுக்க வைப்பதில்லை. வௌவாலின் உடம்பில் அழற்சியைக் கிளப்பும் சுவிட்ச் தணிந்து வேலை செய்கிறது என்று சிங்கப்பூர் டியூக்-என்யுஎஸ்ஸில் வாங் லின்ஃபா குழு 2019-இல் காட்டியது. நமக்கோ பல நோயில் கிருமியோடு சேர்ந்து நம் உடம்பின் கொதிப்பும் ஆளைச் சாய்க்கிறது. மிருகத்தையும் மனிதரையும் சேர்த்தே ஆராய்வது இதற்காகத்தான்.

இரண்டாவது பயணம்

முதல் ரத்தம் எடுக்கும்போதே இரண்டாவது தேதியை எழுதுங்கள். 14-ஆம் நாள் சம்பள நாளா, கோயில் திருவிழாவா, பெருநாள் விடுமுறையா என்று காலண்டரைப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். வெளிநாட்டுத் தம்பிகளை வேறு டிவிஷனுக்கு மாற்றிவிடுவார்கள், அறையில் கூட இருப்பவரின் போன் எண்ணையும் சம்மதத்தோடு வாங்கி வையுங்கள். காய்ச்சல் போனவருக்கு இன்னொரு ஊசி எதற்கு என்று தோன்றும். "மொதல்ல எடுத்தது பாதிக் கதைதான் அக்கா, மீதி இப்பத்தான் ஒங்க ரத்தத்துல எழுதியிருக்கும்" என்று நான் சொல்வேன். செக்ரோல் கதையும் சொல்வேன். அது உடனே புரியும்.

முடிவைத் தாளில் எழுதித் தனித்தனியாகக் கையில் கொடுங்கள். டைட்டர் எண் அவர்களுக்கு வேண்டாம். நோய் இருக்கிறதா, எந்தக் கிளினிக்குக்கு எந்தக் கடிதத்தோடு போவது, வீட்டில் என்ன மாற்றுவது, இவ்வளவுதான் வேண்டும். பாலைப் பொங்கக் காய்ச்சிக் குடிக்கச் சொல்லுங்கள். ஒன்றும் இல்லை என்ற முடிவையும் நேரில் போய்ச் சொல்லுங்கள். இந்தத் தோட்டங்களில் பல வருஷமாக யார் யாரோ வந்து ரத்தம் எடுத்துப் போயிருக்கிறார்கள், என்ன ஆச்சு என்று சொல்ல வந்தவர்கள் குறைவு.

பாட்டியின் 11 ஆட்டில் 10 சுத்தமாக இருந்தன. ஒன்று ரோஸ் பெங்காலில் திரண்டது, கிடா இல்லை, அதன் தாய். உறுதிச் சோதனைக்கு மறுபடி ரத்தம் வேண்டியிருந்தது. நான் போனபோது பாட்டி துவைகல்லில் துணி துவைத்துக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன். ஈரக் கையை முந்தானையில் துடைத்தார். பேரனைக் கிளினிக்குக்குக் கூட்டிப் போக நாள் கேட்டார், எழுதிக் கொடுத்தேன். பிறகு ஆட்டைக் கூப்பிட்டு, தாடையைத் தூக்கி, நான் போன தடவை பிடித்த மாதிரியே தலையைத் திருப்பிப் பிடித்துக்கொண்டு, "இந்தப் பக்கந்தானே தம்பி?" என்றார்.